வெள்ளைச்சியைக் கொடுத்து வாங்கிய வில்லுக்கத்தி

உரும்பிராயில் வந்து ஆழ்வாப்பிள்ளை என்று பொதுவாய்க் கேட்டால் மூன்று வீட்டைக் காட்டுவார்கள். வில்லுக்கத்தி ஆழ்வாப்பிள்ளை என்று கேட்டால் ஒரே வீடுதான். "அந்தா, கிணத்தடியிலை நிண்டு கத்தி தீட்டுறாரே, அவர்தான்" என்பார்கள். எந்த நேரம் வந்து கேட்டாலும் அவர் கிணற்றடியில் நின்று கத்திதான் தீட்டிக்கொண்டிருப்பார். தோட்டம் எப்போது செய்தார், புகையிலை எப்போது வெட்டினார் என்பது கடவுளுக்கும் பராசக்திக்கும்தான் தெரியும். பராசக்தி அவர் மனைவி.

மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கி, விரித்தால் வேலைக்கு நிற்கிற கத்தி வில்லுக்கத்தி. அந்த மனிதரிடம் அப்படி இருபத்துமூன்று கத்திகள் இருந்தன. மலாயாவில் இருந்து பென்சன் எடுத்து வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பெரிய பிஸ்கற் தகரத்துக்குள், ஒவ்வொன்றையும் எண்ணெய்ச் சீலையில் சுற்றி அடுக்கி வைத்திருந்தார். நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கியது, எருமைக்கொம்புப் பிடி போட்டது, கண்டியில் இருந்து வந்த கறுவா வியாபாரியிடம் ஒரு பலாப்பழமும் நாலு மணி நேரக் கதையும் கொடுத்து வாங்கியது, அலகு தேய்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ள மட்டும் உதவுவது என்று பல சாதி. எல்லாம் வேலை செய்த கத்திகள். சும்மா பளபளக்கிற கத்தியை அவர் தொடமாட்டார். "உது மாப்பிள்ளைக் கத்தி. வேலைக்கு ஆகாது" என்பார்.

காலையில் திருநீறு பூசியதும் தகரத்தைத் திறப்பார். இன்றைக்கு ஆருடைய முறை என்று பார்ப்பார். எடுத்ததைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மடக்குவார். 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் சரியாய் விழுந்தால் அன்றைக்கு முழுக்க அவருக்குப் புழுகம், ஒரே சந்தோசம். மடியில் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வாழையிலை அறுப்பார், கயிறு நறுக்குவார், மாங்காய் சீவுவார். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் கிளுவை வேலியில் கதியால் தடி ஒன்றை ஒடித்துச் சும்மா சீவிக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் பக்கத்து வளவு ஏரம்பு கேட்டான்: "அண்ணை, ஒரு மனுசனுக்கு ரெண்டு கை. இருபத்திமூண்டு கத்தி என்னத்துக்கு?"

ஆழ்வாப்பிள்ளை கோபிக்கவில்லை. "ஏரம்பு, மண்வெட்டி மூலையிலை கிடக்கும். ஓலை வாருற சத்தகம் கூரையிலை செருகிக் கிடக்கும். வேலை முடிஞ்சால் அதுகளை விட்டிட்டு நாங்கள் வந்திடுவம். வில்லுக்கத்தி மட்டும்தான் எங்களோடை வீட்டுக்கு வரும், கோயிலுக்கு வரும், கலியாணத்துக்கு வரும். கூடவே வாற ஒண்டிலை ஆசை வைக்காமல் பின்னை எதிலை வைக்கிறது?" என்றார்.

"அப்ப எனக்கும் ஒண்டு தாருங்கோவன், கூடவே கொண்டு திரிய."

"கத்தி தரமாட்டன். என்ன வெட்ட வேணும் எண்டு சொல்லு, வந்து வெட்டித் தாறன்."

அது அவருடைய சட்டம். கத்தி இரவல் கிடையாது, ஆள் இரவல் உண்டு. அதனாலே ஊரில் எந்தக் கலியாண வீட்டிலும் வாழைமரம் வெட்ட, தோரணம் நறுக்க, பந்தல் கயிறு அறுக்க ஆழ்வாப்பிள்ளைதான் முதல் ஆள். நல்ல மனிதர். ஒரேயொரு குறைதான். கத்தி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவருக்குக் காது அடைத்துவிடும். எதிரில் நிற்கிறவன் என்ன சொன்னாலும் உள்ளே போகாது. அந்தக் குறைதான் அவரை முப்பத்தாறாம் ஆண்டு பங்குனியிலே கொண்டுபோய்க் கிடங்கில் தள்ளியது.

குருநகர்க் கரையில் லியோன் என்று ஒரு கத்தோலிக்க மீன்பிடிகாரன். ஆழ்வாப்பிள்ளை மாதம் ஒருக்கால் புகையிலைக் கட்டோடு வண்டியில் போவார். லியோன் கருவாடு கொடுப்பான். பத்து வருசப் பழக்கம். லியோனுடைய இடுப்பிலே ஒரு வில்லுக்கத்தி இருந்தது. அவன் தகப்பன் மன்னாரில் ஒரு கொல்லனிடம் சொல்லிச் செய்வித்தது. பிடி ஆவுளியா எலும்பு, அந்தக் கடற்பசுவின் எலும்பு, கைபட்டுக் கைபட்டுப் பசுநெய் நிறத்துக்கு வந்திருந்தது. அலகு அகலம், நுனி மொட்டை, பிடியின் அடியில் கயிறு கோக்கப் பித்தளை வளையம். மூன்று வருசமாய் ஆழ்வாப்பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனார். லியோனும் சிரித்துச் சிரித்து, "இது அப்புவின்ரை கத்தி அண்ணை. உங்களுக்கு வேறை என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ" என்று தட்டிக்கொண்டே வந்தான்.

அந்தப் பங்குனியில் ஒருநாள் அவனே கேட்டான். "அண்ணை, உங்கடை வீட்டிலை பால் கறக்கிற ஆடு நிக்குதோ?"

"ஓம், நிக்குது."

"ஆட்டைக் கொண்டந்து தாருங்கோ. கத்தியை எடுங்கோ. எனக்கு வேறை வழி தெரியேல்லை அண்ணை, வீட்டிலை..."

வீட்டிலே என்ன என்று அவன் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான், நாலைந்து வசனம் சொன்னான். ஆழ்வாப்பிள்ளையின் கண் ஆவுளியாப் பிடியில் நின்றது, காது அடைத்துப்போச்சு. "ஓமோம், ஓமோம்" என்று தலையை ஆட்டினார். அடுத்த நாட்காலையே வீட்டு ஆடு வெள்ளைச்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் லியோன் வளவில் இறக்கிவிட்டு, கத்தியை மடியில் செருகிக்கொண்டு வந்தார். வருகிற வழி முழுக்க அதை மடக்கி மடக்கிக் காதில் வைத்துக் கேட்டார். இருபத்துமூன்று கத்தியும் சொல்லாத சத்தத்தை அது சொன்னது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். இவருக்கு அன்றைக்குப் பயமும் தெரியவில்லை.

பயப்பட வேண்டிய ஆள் அப்போது உடுப்பிட்டியில். ஒரே மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது. மகளைப் பார்க்க மூன்று நாளுக்கென்று போயிருந்தாள் பராசக்தி. மகள் போன பிறகு அந்த வீட்டில் அவளுக்குப் பேச்சுத் துணை என்றால் வெள்ளைச்சிதான். தாய் செத்துப்போன குட்டியைச் சங்கால் பால் பருக்கி வளர்த்தது. இப்போது அதுவே இரண்டு குட்டி போட்டு, குட்டிகளும் பால்குடி மறந்து தனியே மேயத் தொடங்கிவிட்டன. வளைந்த கொக்கைச்சத்தகத்தைத் தடியில் கட்டிப் பூவரசங்குழை பறித்துப் போட்டுக்கொண்டு, ஊர்ப் புதினம் எல்லாம் அதற்குச் சொல்லுவாள். மனிசன் கத்தியோடு குடித்தனம் நடத்தினால் மனிசி ஆட்டோடு கதைக்காமல் என்ன செய்வாள்?

ஆடு போன அன்று பின்னேரமே திரும்பியவள், படலையைத் திறக்கும்போதே, "வெள்ளைச்சீ!" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் வந்தாள். பதில் இல்லை. ஆட்டுக்கட்டைக்குப் போனாள். கயிறு மட்டும் கிடந்தது.

"ஆடு எங்கை?"

ஆழ்வாப்பிள்ளை மடியில் இருந்து கத்தியை எடுத்து விரித்துக் காட்டினார். அட, அந்த நேரத்தில் அதைக் காட்டலாமா! "இஞ்சாரும், இதின்ரை பிடியைப் பாரும். ஆவுளியா எலும்பு. லியோன்ரை தேப்பன்ரை..."

"ஆடு எங்கை எண்டு கேட்டனான்."

"லியோனிட்டை."

"அவனுக்கு என்னத்துக்கு ஆடு?"

அவர் யோசித்தார். மெய்யாகவே யோசித்தார். அவன் ஏதோ சொன்னானே? "உது... நான் கேக்கேல்லை" என்றார்.

பராசக்தி ஏசவில்லை. அவள் ஏசியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். "வெள்ளைச்சி இந்த வளவுக்கு வந்தாப் பிறகுதான் உங்களோடை கதை" என்று ஒரே வசனம் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். அன்று பின்னேரத்தில் இருந்து அவள் அவரோடு வாய் திறக்கவில்லை. சமையல் நடந்தது, வீடு கூட்டல் நடந்தது, தோட்டத்துக்குக் கஞ்சி வந்தது. ஆனால் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் காகத்துக்குச் சொன்னாள், வேலிக்குச் சொன்னாள், அடுப்புக்குச் சொன்னாள். "சோறு போட்டுக் கிடக்கு. தின்னிற ஆக்கள் தின்னலாம்" என்பாள் குசினிச் சுவரைப் பார்த்து. "மழை வரப்போகுது. காய விட்ட புகையிலையை எடுக்கிற ஆக்கள் எடுக்கலாம்" என்பாள் கோழியிடம். கோழியா புகையிலை எடுக்கும்? ஆழ்வாப்பிள்ளை ஓடிப்போய் எடுப்பார்.

முதல் இரண்டு நாள் அவருக்கு அது பகிடியாய் இருந்தது. மூன்றாம் நாள் தகரத்தைத் திறந்தார். எந்தக் கத்தியை எடுப்பதென்று தெரியவில்லை. புதுக்கத்தியை எடுத்து மடக்கினார். நல்ல சத்தம்தான். ஆனால் "கேட்டீரே இந்தச் சத்தத்தை!" என்று சொல்ல ஆள் இல்லை. அதுவரைக்கும் அவர் ஒவ்வொரு காலையும் அப்படிச் சொல்ல, அவள் குசினிக்குள் இருந்து, "கேட்டன் கேட்டன், காது செவிடாய்ப் போச்சு" என்று சொல்லுவாள். அந்த மறுமொழி இல்லாமல் கத்திச் சத்தம் அரைச்சத்தமாய் இருந்தது. மனிசனுக்கு வீடே பிடிக்கவில்லை.

இதற்குள்ளே ஏரம்பு வந்து நெருப்பில் நெய் ஊற்றினான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஏரம்பு வாயை மூட ஒன்றுமே இல்லை. வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அண்ணை, உங்கடை ஆடு குருநகரிலையாம். வேதக்காறருக்கு இப்ப தபசு காலம், இறைச்சி தின்னாயினம். வாற ஞாயிறு பாஸ்குப் பெருநாள். அண்டைக்குத் தெரியும் ஆட்டின்ரை பலன்! லியோன் உங்களுக்கும் ஒரு பங்கு அனுப்பாமல் விடமாட்டான்" என்று சொல்லிச் சிரித்தான்.

குசினிக்குள் சட்டி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. ஆழ்வாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். பராசக்தி அடுப்புக்கு முன்னால் கல்லாய் இருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. காகத்திடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆழ்வாப்பிள்ளை, பால் கறக்கிற ஆட்டை ஆரும் வெட்டுவார்களா என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். என்னத்துக்கு என்று நீ கேட்டாயா, மடையா, என்று மனம் திருப்பிக் கேட்டது. புதன்கிழமை விடியவே மாட்டைப் பூட்டினார். கத்தியைத் திருப்பிக் கொடுத்து, ஆட்டைக் கொண்டுவருவது. இல்லையென்றால் தகரத்தோடு எல்லாக் கத்தியையும் கொடுத்தாவது கொண்டுவருவது என்று முடிவு. அந்த முடிவை எடுத்தபோது அவருக்கு நெஞ்சு வலித்தது உண்மை. ஆனாலும் எடுத்தார்.

லியோன் கடலில் இருந்து இன்னும் வரவில்லை. வளவுக்குள் அவன் மனைவி றோஸ், கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய வள்ளத்தின் நிழலில் கால் நீட்டிக்கொண்டு இருந்தாள். முகம் வெளுத்து, எலும்பும் தோலுமாய் இருந்தாள். காலில் ஒரு பச்சைக் குழந்தை. பக்கத்தில் ஒரு கோப்பை, கையில் சங்கு. வெள்ளைச்சி ஒரு தென்னையில் குட்டைக் கயிற்றால் கட்டப்பட்டு நின்றது. இவரைக் கண்டதும் கத்தியது. ஆழ்வாப்பிள்ளைக்கு உயிர் வந்தது.

"வாங்கோ அண்ணை, வாங்கோ!" றோஸ் எழும்பப் பார்த்தாள். "எழும்பேலாமல் கிடக்கு. குறை நினைக்காதேங்கோ. இவர் சொன்னவர்தானே, பிள்ளை பிறந்த கையோடை எனக்குக் காய்ச்சல், பால் வத்திப்போச்சு. மாட்டுப்பால் இவளுக்கு ஒத்துக்கொள்ளேல்லை, குடிச்ச எல்லாத்தையும் சத்தி எடுத்தாள். இனிப் பிழையாது எண்டு எல்லாரும் கைவிட்ட நேரம் நீங்கள் ஆட்டைக் கொண்டந்து கட்டினியள். இப்ப பாருங்கோ." குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "பேர் பெர்னடெட். ஞானஸ்நானத்துக்கும் தூக்கிக்கொண்டு போயிட்டு வந்திட்டம். அண்ணை, உங்களை நான் நினைக்காத பூசை இல்லை."

ஆழ்வாப்பிள்ளை மடியில் வைத்த கையை எடுத்தார். லியோன் சொன்ன நாலைந்து வசனமும் பன்னிரண்டு நாள் கழித்து அப்போதுதான் அவர் காதுக்குள் போயின. குழந்தை சங்கின் நுனியைச் சப்பிச் சப்பிப் பால் குடித்தது. குடித்து முடித்து ஏவறை விட்டது. அவர் என்ன கேட்பார்? "அந்தப் பாலைக் கொண்டா" என்றா? றோஸ் கட்டாயப்படுத்தித் தந்த கருவாட்டுப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, வந்த வண்டியிலேயே திரும்பினார். ஆட்டைக் கொண்டுவரப் போனவர் கருவாட்டோடு வந்தார்.

படலையில் பராசக்தி நின்றாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஆடு இல்லை. திரும்பிப் போய் முற்றத்தில் குந்தி, சத்தகத்தால் ஓலையைக் கீறி வாரத் தொடங்கினாள்.

அவரோடு அவள் கதைக்கமாட்டாள்; ஆனால் அவர் கதைக்கலாம்தானே? நேரே சொல்ல முகம் இல்லை. வெறும் ஆட்டுக்கட்டைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அந்தக் கட்டைக்குச் சொன்னார். காய்ச்சலைச் சொன்னார், சங்கைச் சொன்னார், ஏவறையைச் சொன்னார். "லியோன் எல்லாம் சொன்னவன். நான்தான் கேக்கேல்லை. கத்தியைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன். விசரன் நான்" என்றும் சொன்னார். பின்னால் ஓலை வார்கிற சத்தம் நின்றுபோய் இருந்தது. திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு இல்லை.

அடுத்த நாள் விடிய அவர் எழும்பி வந்தபோது பராசக்தி வண்டிக்குள் ஏறி இருந்தாள். நல்ல சீலை உடுத்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய கட்டுப் பூவரசங்குழை, அதற்கு மேலே வெள்ளைச்சியின் பழைய கயிறு.

ஆழ்வாப்பிள்ளை கயிற்றைப் பார்த்தார். கயிறு எதற்கு? குழை எதற்கு? குழையைக் காட்டி ஆட்டைக் கூட்டிக்கொண்டு வரத்தான்! "இஞ்சாரும், அந்தப் பிள்ளை..." என்று தொடங்கினார். அவள் மாட்டைப் பார்த்து, "நேரம் போகுது, நடக்கிற ஆக்கள் நடக்கலாம்" என்றாள். மாடு நடந்தது. கோண்டாவில், திருநெல்வேலி, பட்டணம் என்று வழி முழுக்க அவர் வேண்டாத தெய்வம் இல்லை. மனிசி ஆட்டை அவிழ்த்தால் அந்தக் குழந்தை. அவிழ்க்காவிட்டால் இந்த ஆயுள் முழுக்க ஊமை வீடு. இரண்டுக்கும் நடுவில் தன் மடியில் ஒரு கத்தி. அன்றைக்கு அது கல்லுப்போலப் பாரமாய்க் கிடந்தது.

லியோன் அன்று வளவில் இருந்தான். வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, பல்லால் ஒரு நூலைக் கடித்து அறுத்துக்கொண்டிருந்தான். வண்டி நிற்க முன்னமே வெள்ளைச்சிக்கு ஆள் தெரிந்துவிட்டது. அது கத்திய கத்தில் அயல் வளவுக்காரர் எட்டிப் பார்த்தார்கள். பராசக்தி இறங்கி நேரே அதனிடம் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். அழுதபடியே மடியைத் தடவிப் பார்த்தாள், குளம்பைத் தூக்கிப் பார்த்தாள், கண் இமையை விரித்துப் பார்த்தாள்.

றோசுக்கு விளங்கிவிட்டது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அக்கா," என்றாள், "கொண்டுபோகவே வந்தனீங்கள்?"

பராசக்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "ஆர் பிள்ளை இதைக் கட்டினது? ஆடு கட்டுறதோ இது, கள்ளன் கட்டுறதோ? படுக்கக்கூடக் கயிறு காணாது! என்ன தீன் போடுறனீ?"

"சோறு... தேங்காய்ப் பூ..."

"கோதாரி! சோறு தின்னக் குடுத்தால் ஆடு பால் தருமே? குழை வேணும் பிள்ளை, குழை. பூவரசு, முருக்கு, பலா. காலமை ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால். இந்தா, இண்டைக்கு இது காணும்." குழைக்கட்டை அவிழ்த்துப் போட்டாள். கொண்டுவந்த நீளக்கயிற்றால் ஆட்டை மாற்றிக் கட்டினாள். பிறகு கையை நீட்டினாள். "பிள்ளையைத் தா."

குழந்தையை வாங்கிக்கொண்டு வள்ளத்தின் மேல் இருந்தாள். பெர்னடெட் அவளை உற்றுப் பார்த்தது; பார்த்துவிட்டு அவள் நல்ல சீலையை நனைத்தது. "அட, என்ரை ஆட்டுப் பால் நல்லாய்த்தான் வேலை செய்யுது!" என்று பராசக்தி சிரித்தாள். பன்னிரண்டு நாள் கழித்து அவள் சிரித்ததை ஆழ்வாப்பிள்ளை கண்டார். ஆனால் இன்னும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"தம்பி லியோன்," என்றாள், "இந்த ஆட்டை நான் விக்கேல்லை. எனக்குத் தெரியாமல் ஆர் என்ன கொண்டந்து தந்தாலும் அது வித்ததாகாது. விளங்குதே?"

லியோனுடைய முகம் கறுத்தது. "விளங்குது அக்கா."

"ஆனபடியால் இதை உங்களுக்கு வாரத்துக்கு விடுறன். எங்கடை ஊரிலை வாரம் எண்டால் தெரியும்தானே? ஆடு என்ரை. வளக்கிறது நீங்கள். பால் முழுக்க வளக்கிற வீட்டுக்கு. குட்டி போட்டால் முதல் குட்டி எனக்கு, அடுத்தது உங்களுக்கு. நான் நினைச்ச நேரம் வந்து என்ரை ஆட்டைப் பாப்பன். அதின்ரை வயிறு ஒட்டிக் கிடந்தால் உங்கள் ரெண்டு பேரையும் உரிச்சுப்போடுவன்."

றோஸ் வாய்விட்டு அழத் தொடங்கினாள். லியோன் கையைக் கூப்பினான். ஆழ்வாப்பிள்ளைக்கு அப்படியே போய்ப் பெண்சாதியின் காலில் விழலாம் போல் இருந்தது. எத்தனை பெரிய சிக்கல்! அவள் அதை நாலு வசனத்தில் அவிழ்த்துவிட்டாள். குழந்தைக்குப் பால் இருக்கிறது, ஆட்டுக்கு உயிர் இருக்கிறது, அவளுடைய ஆடு அவளுடையதாயே இருக்கிறது.

அப்போதுதான் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ!"

கதைத்துவிட்டாள்! ஆட்டுக்கட்டைக்கு இல்லை, கோழிக்கு இல்லை, அவரோடு! "ஓம், ஓம், சொல்லும்!" என்று ஓடிவந்தார் ஆழ்வாப்பிள்ளை. சந்தோசத்தில் சால்வை கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"வாரத்துக்கு விட்ட ஆட்டுக்கு ஆரும் விலை வாங்கிறதே? அந்தக் கத்தியை எடுத்துக் குடுங்கோ."

கை மடிக்குப் போன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. பன்னிரண்டு நாளில் முதல் வார்த்தை! அதைத் தட்டுவாரா? எடுத்தார். கடைசியாய் ஒருக்கால் மடக்கிக் கேட்போமா என்று ஓர் ஆசை. பராசக்தி பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்காமலே நீட்டினார்.

"வேண்டாம் அண்ணை, நீங்கள் ஆசைப்பட்டு..." என்றான் லியோன். வாய்தான் சொன்னது, கை அதற்குள் வந்துவிட்டது. வாங்கின கையோடு விரித்து, பல்லால் கடித்துக்கொண்டிருந்த நூலைச் சரக்கென்று அறுத்தான். அடுத்ததை அறுத்தான். பன்னிரண்டு நாள் வேலை அவனுக்குச் சேர்ந்து கிடந்தது. அவன் பார்க்கவேயில்லை, விரல்களுக்கே வழி தெரிந்தது. ஆழ்வாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மடியில் கிடந்தபோது அந்தக் கத்தி இப்படி ஒருநாளும் வேலை செய்ததில்லை என்பது கத்தி தெரிந்த அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. கவலையாயும் இருந்தது, வடிவாயும் இருந்தது.

றோஸ் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பராசக்தி எடுத்துக் குடித்தாள். வேறு சாதி வீட்டில் வாய் நனைத்தது ஊரில் தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாய்க் கதைப்பார்கள். கதைக்கட்டும் என்பதுபோல் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தாள்.

திரும்பி வரும்போது வண்டிக்குள் ஒரே கதை. பன்னிரண்டு நாள் அடைத்து வைத்ததெல்லாம் மடை திறந்து வந்தது. உடுப்பிட்டியில் மகள் வைத்த குழம்பில் உப்புக் கூட, ஏரம்புவின் நாக்கை அறுக்க வேணும், காய விட்ட புகையிலையில் ஒரு பக்கம் ஈரம் விழுந்ததை இவர் கவனிக்கவில்லை, அந்தக் குழந்தைக்கு மூக்கு தேப்பன் மாதிரி. ஆழ்வாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் "ஓம்" போட்டார். ஒரு சொல்லும் தவறாமல் கேட்டார். மடி வெறுமையாய் இருந்தது. இருந்தாலும் ஆள் பறந்துகொண்டிருந்தார்.

கோண்டாவிலடியில் பேச்சு நின்றது. ஒரு நிமிசம், இரண்டு நிமிசம். சத்தம் இல்லை. ஆழ்வாப்பிள்ளை மாட்டை இழுத்து நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"என்ன? ஏன் கதைக்கேல்லை?"

"தொண்டை காஞ்சுபோச்சு. அதுக்கும் பயமே?"

"பயம்தான். இனி உம்மைக் கேக்காமல் ஒரு ஆட்டுப் புழுக்கையும் இந்த வளவாலை வெளியிலை போகாது. சத்தியமாய்ச் சொல்லுறன்."

பராசக்தி விடவில்லை. "கேட்டிருந்தால் நான் மாட்டன் எண்டே சொல்லியிருப்பன்? பால்குடிப் பிள்ளைக்கு எண்டால் நானே அண்டைக்கே கொண்டுபோய் வாரத்துக்குக் கட்டியிருப்பன். அவன் விலை குடுக்கவும் தேவையில்லை."

"ஓம்."

"ஆறு மாதம் போக, பிள்ளை தவழத் தொடங்க, அந்தப் பெடியன் சந்தோசத்திலை என்ன செய்திருப்பான் தெரியுமே? 'எங்கடை பிள்ளையைக் காப்பாத்தின அண்ணைக்கு' எண்டு தன்ரை கையாலை அந்தக் கத்தியைக் கொண்டந்து தந்திருப்பான்."

ஆழ்வாப்பிள்ளை யோசித்துப் பார்த்தார். அவள் சொன்னது சரி. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் சரி. லியோன் அப்படிப்பட்ட ஆள்தான். "ஐயோ!" என்று தலையில் கை வைத்தார்.

"மாட்டை ஓட்டுங்கோ," என்றாள் பராசக்தி, "வெய்யில் ஏறுது."